பம்பாய்க்கு வந்த லெவி

கிராஃப் தியரி என்றதும் பயந்து ஓடிவிடாதீர்கள். நம்ம லோக்கல் ரயிலை வைத்தே சொல்லிவிடலாம். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் 'லெவி கிராஃப்' என்ற பெயர் காதில் விழுந்திருக்கலாம். அந்த லெவி நம்ம பம்பாயில் வாழ்ந்தவர். தாணேயில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் எனக்குச் சமீபத்தில்தான் தெரிய வந்தது.

ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் லெவி 1888-ல் மியூல்ஹவுசனில் பிறந்தார். இப்போது பிரான்சில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது. 1911-ல் ஸ்ட்ராஸ்பர்கில் டாக்டர் பட்டம், முதல் உலகப்போரில் ஜெர்மன் பீரங்கிப் படை, இரும்புச் சிலுவை விருது, 1920 முதல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. யூதர். 1933-ல் ஹிட்லர் அரசு யூத அரசு ஊழியர்களை வெளியேற்றியபோது, போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு இருந்தது. 1935-ல் அதுவும் போயிற்று. எந்த நாட்டுக்காகச் சண்டை போட்டாரோ அந்த நாடே 47 வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பியது. மனைவி, இரண்டு பிள்ளைகள் வேறு.

கல்கத்தா பல்கலைக்கழகம் கணிதத்துறைத் தலைவர் பதவி கொடுத்துக் கூப்பிட்டது. வந்துவிட்டார். நாமும் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் நமக்கு ஊர் அங்கேயே இருந்தது, பொங்கலுக்கு டிக்கெட் கிடைத்தால் போய் வந்தோம். அவருக்கு அந்த வழியே அடைபட்டிருந்தது.

கல்கத்தாவில் 1940 பிப்ரவரியில் ஆறு பொதுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1942-ல் அவை புத்தகமாக வந்தன. லெவி கிராஃப் பிறந்தது அதில்தான். விஷயம் இவ்வளவுதான்: ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு ரயில் பாதைக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஸ்டேஷன் அந்தப் பாதையில் இருந்தால் இரண்டையும் இணையுங்கள். முலுண்டிலிருந்து ஒரே இணைப்பு, சென்ட்ரலுக்கு. தாதரிலிருந்து இரண்டு, சென்ட்ரலும் வெஸ்டர்னும். தாணேக்கும் இரண்டு, 2004-ல் வந்த டிரான்ஸ்ஹார்பர் புண்ணியத்தில்.

ஒரு வித்தியாசம் உண்டு. வடிவியலில் இரண்டு புள்ளிகள் சேர்ந்தாற்போல் இரண்டு கோடுகளில் இருக்க முடியாது. நம்ம குர்லாவும் சி.எஸ்.எம்.டி.யும் சென்ட்ரல், ஹார்பர் இரண்டிலும் இருக்கின்றன. படம் போட்டால் அங்கே ஒரு நாற்கரம் விழும். சரியான வடிவியலில் அது வரவே வராது, ஆகச் சிறிய வளையத்துக்கே ஆறு பக்கம் இருக்கும். ஏழு புள்ளி, ஏழு கோடு, கோட்டுக்கு மூன்று புள்ளி என்று ஒரு புகழ்பெற்ற அமைப்பு இருக்கிறது. அதன் லெவி கிராஃபில் 14 புள்ளிகள், 21 இணைப்புகள். புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகியவர்கள் ஒரு சாயங்காலம் முயன்று பாருங்கள்.

அவருடைய வகுப்புகளில் 'முடிவுறு களங்கள்' பற்றிக் கேட்டவர்களில் ஆர்.சி. போஸும் ஒருவர். அதே கருவிகளை அவர் புள்ளியியலுக்குக் கொண்டுபோனார். 1959-ல் போஸ், எஸ்.எஸ். ஸ்ரீகண்டே, அமெரிக்கரான பார்க்கர் மூவரும் லத்தீன் சதுரங்கள் பற்றி ஆய்லர் 1782-ல் சொன்ன ஊகம் தவறு என்று நிரூபித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. (கணக்குக்கு முதல் பக்கம்! நம் பத்திரிகைகள் எப்போது போடுமோ.) அந்த ஸ்ரீகண்டே பிற்பாடு பம்பாய் பல்கலைக்கழகக் கணிதத்துறைத் தலைவராக இருந்தார். 102 வயது வாழ்ந்து 2020-ல் காலமானார்.

லெவி 1948-ல் பம்பாய் வந்தார், ஹோமி பாபாவின் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கு. கொலாபா கட்டடமெல்லாம் அப்போது கிடையாது. பெடர் ரோடில் ஒரு பங்களாவில் இருந்த நிலையம், 1949-ல் கேட்வே பக்கத்தில் இருந்த பழைய யாட் கிளப்புக்கு மாறியது. இன்று உலகப் புகழ் பெற்ற அந்தக் கணிதப் பள்ளியின் ஆரம்ப வருடங்களில் அவரும் இருந்தார்.

1952-ல் திரும்பிப் போய்விட்டார், பெர்லினுக்கு. விரட்டிய நாட்டுக்கே 64 வயதில் ஏன் போனார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ரிடையர் ஆனபின் ஊர்ப் பக்கம் போவதா, செம்பூர் ஃப்ளாட்டிலேயே இருப்பதா என்று நம் வீடுகளில் நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது பெரிய புதிராகத் தோன்றாது. பெர்லினில் கொஞ்ச வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஃப்ரைபர்க் போனார். 1966 ஜனவரி 1-ம் தேதி இறந்தார்.