மாற்றமும் தன்னார்வத் தலைவர்களும்: அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1972இல் தன் பயிற்சித் திட்டத்தைப் பெருமளவில் மாற்றியமைத்தது. ஏழு ஆண்டுகளுக்குள் அம்மாற்றத்தின் மையமான முடிவுகள் சிலவற்றிலிருந்து அதுவே பின்வாங்கியது. இவ்விரு நிகழ்வுகளையும் ஊதியம் பெறாத சாரணத் தலைவர்களின் நிலையிலிருந்து இக்கட்டுரை அணுகுகிறது. அவர்களுடைய எதிர்ப்பைப் பழமைப் பற்று என்று மட்டும் கொள்ள இயலாது. தாம் இயக்கத்திற்கு அளித்துவந்த கைத்திறன் மதிப்பிழந்ததற்கான எதிர்வினை அது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சாரணர் இயக்கம், தன்னார்வத் தலைவர்கள், சீர்திருத்தம், வுட் பேட்ஜ், வில்லியம் ஹில்கோர்ட்

முன்னுரை

அமெரிக்கச் சாரணர் சங்கம் 1910ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் பதிவு பெற்றது. அது இரண்டு அடுக்குகளைக் கொண்ட அமைப்பாக வளர்ந்தது. மேலடுக்கில் தேசிய அலுவலகமும் வட்டார மன்றங்களும் உள்ளன. அவற்றை நடத்தும் அலுவலர்கள் ஊதியம் பெறுபவர்கள். கீழடுக்கில் சிறுவர்களோடு நேரடியாகப் பழகும் சாரணத் தலைவர்கள் உள்ளனர். இவர்களுக்கு ஊதியம் இல்லை. தமிழகத்தில் ‘சாரண ஆசிரியர்’ என்றதும் பள்ளி ஆசிரியர் ஒருவரே நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் நிலை வேறு. அங்குத் தேவாலயம், பெற்றோர் ஆசிரியர் கழகம், ஊர்ச்சங்கம் போன்ற ஓர் அமைப்பு ஒரு சாரணர் படையை ஏற்று நடத்துகிறது. அப்பகுதியில் வாழும் தச்சரோ கணக்கரோ பொறியாளரோ தம் வேலை முடிந்த மாலைப் பொழுதில் அதற்குத் தலைமை ஏற்கிறார். பல வேளைகளில் அவருடைய மகனும் அதே படையில் இருப்பான். இவ்வேறுபாடு கருதியே இக்கட்டுரையில் ‘சாரணத் தலைவர்’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

மேலடுக்கு வகுக்கும் திட்டம் கீழடுக்கின் வழியாகவே சிறுவர்களைச் சென்றடைகிறது. ஊதியம் பெறாதவரைப் பணிநீக்கம் செய்ய முடியும். ஆனால் அவரிடத்தில் வேறொருவரை அமர்த்துவது எளிதன்று. 1972இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த எளிய உண்மை அடிப்படையாகும்.

சீர்திருத்தத்தின் தேவை

1960களின் இறுதியில் இயக்கம் எதிர்கொண்ட சிக்கல்கள் உண்மையானவை. வியட்நாம் போர்க்காலத்தில் சீருடையும் அணிவகுப்பும் இளைஞரிடையே மதிப்பிழந்து வந்தன. பெருநகரங்களின் உட்பகுதிகளில் வாழ்ந்த கறுப்பினச் சிறுவர்களையும் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துச் சிறுவர்களையும் இயக்கம் போதிய அளவில் எட்டவில்லை. காடும் ஏரியும் அருகில் உள்ள சிற்றூரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பயிற்சிகள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் சிறுவனுக்கு அந்நியமாக இருந்தன.

இயக்கத்தின் தலைமை நிர்வாகியாக அப்போது ஆல்டன் பார்பர் இருந்தார். அவர் காலத்தில் ‘பாய்பவர் 76’ என்னும் விரிவாக்கத் திட்டம் தொடங்கப்பட்டது. நாட்டின் இருநூறாவது விடுதலை ஆண்டான 1976க்குள் தகுதியுள்ள சிறுவர்களில் மூன்றில் ஒருவரைச் சாரணராக்குவதும் 6.5 கோடி டாலர் நிதி திரட்டுவதும் அதன் இலக்குகள். இலக்கை எட்டியாக வேண்டிய அழுத்தம் ஊதியம் பெறும் அலுவலர்கள்மீது விழுந்தது. சில நகரங்களில் இல்லாத சிறுவர்களின் பெயர்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டிருந்தமை 1974இல் சிகாகோ நாளிதழ் ஒன்றின் வழியாக வெளிப்பட்டது. பயிற்சித் திட்டத்தின் மாற்றம் இச்சூழலில்தான் வந்தது. விரிவாக்க இலக்கையும் புதிய பாடத்திட்டத்தையும் கீழடுக்கினர் பிரித்துப் பார்க்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

1972இன் புதிய திட்டம்

‘மேம்படுத்தப்பட்ட சாரணர் திட்டம்’ என்ற பெயருடன் புதிய முறை 1972இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு வெளியான எட்டாம் பதிப்புக் கையேட்டின் தலைப்பிலிருந்து ‘சிறுவர்’ என்னும் பொருள்தரும் சொல் நீக்கப்பட்டு, ‘சாரணர் கையேடு’ என்பது மட்டும் நின்றது. விரும்பும் படைகள் சிவப்புத் தொப்பி அணியலாம் என்றாயிற்று. இவை வெளித்தோற்ற மாற்றங்கள். இவற்றைப் பற்றிய சலசலப்பு விரைவில் அடங்கக்கூடியது.

ஆழமான மாற்றம் படிநிலைத் தேர்வுகளில் நிகழ்ந்தது. அதற்கு முன்பு முதல் வகுப்புச் சாரணர் ஆக விரும்பும் ஒவ்வொரு சிறுவனும் நெடுநடை சென்று, கூடாரத்தில் தங்கி, திறந்த தீயில் சமைத்து, மோர்ஸ் குறியீட்டில் செய்தி அனுப்பிக் காட்ட வேண்டியிருந்தது. புதிய முறையில் பன்னிரண்டு ‘திறன் விருதுகள்’ அறிமுகமாயின. இடைக்கச்சையில் கோத்துக்கொள்ளும் உலோக வளையங்களாக அவை வழங்கப்பட்டன. முகாம், சமையல், நெடுநடை, நீச்சல், முதலுதவி ஆகியவற்றோடு குடும்ப வாழ்வு, சமூக வாழ்வு, கருத்துப் பரிமாற்றம், குடிமை போன்றவையும் இப்பன்னிரண்டில் இடம்பெற்றன. சிறுவன் தனக்கு இயன்றவற்றைத் தேர்ந்து முன்னேறலாம். மிக உயர்ந்த கழுகுச் சாரணர் நிலைக்குத் தேவையான தேர்ச்சிச் சின்னங்களின் எண்ணிக்கை 21இலிருந்து 24ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் முகாமுக்குரிய சின்னம் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஒரு நாள்கூட கூடாரத்தில் உறங்காத சிறுவன் கழுகுச் சாரணர் ஆகிவிடலாம் என்று தலைவர்கள் குறைகூறினர். மிகை கலந்த குற்றச்சாட்டாக இது தோன்றலாம். விதிகளின்படி அது இயலக்கூடியதே.

நகரத்துத் தலைவர் ஒருவருக்கு இதே விதிகள் விடுதலையாகவும் இருந்திருக்கக்கூடும். ஊர்தி இல்லாத, காட்டுக்குச் செல்லப் பணமில்லாத சிறுவர்களை வைத்துக்கொண்டு, அவர்கள் ஒருபோதும் ஏற முடியாத படிகளைக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். இயக்கத்தினரின் பிற்கால நினைவுகளில் 1972 பெரும்பாலும் ஒரு வீழ்ச்சிக் கதையாகவே சொல்லப்படுகிறது. இத்தகைய தலைவர்களின் குரல் அதில் மிகக் குறைவாகவே கேட்கிறது என்பதையும் கருத வேண்டும்.

கைத்திறன் என்னும் கொடை

சாரணத் தலைவர் இயக்கத்திற்கு எதைக் கொடுத்தார்? நேரத்தை என்று சொல்வது முழு விடையாகாது. அவர் முடிச்சுப் போடுவதையும் கோடரி பிடிப்பதையும் ஈர விறகில் தீ மூட்டுவதையும் தம் சிறுவயதில் மற்றொரு தலைவரிடம் கற்றவர். அதை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க முடிந்ததே அவருடைய கைம்மாறு. தேர்வு விதிகளில் அத்திறன்கள் கட்டாயமாக இருந்தவரை, அவர் படைக்கு இன்றியமையாதவராக இருந்தார். அவை விருப்பத் தேர்வுகளாக மாறியபோது அவரும் ஒரு விருப்பத் தேர்வாக மாறினார்.

இதனோடு பிணைந்த மற்றொன்றும் உண்டு. தீ மூட்டுவதில் ஒரு சிறுவன் தேர்ச்சி பெற, அவனோடு தலைவரும் ஓர் இரவைக் காட்டில் கழிக்க வேண்டும். அந்த இரவில்தான் வீட்டுத் துன்பங்களையும் பள்ளி அச்சங்களையும் சிறுவர்கள் பேசுவார்கள். புதிய திட்டம் இந்த உரையாடலைப் புறக்கணிக்கவில்லை. ‘தனிவளர்ச்சி ஒப்பந்தம்’ என்ற பெயரில் தலைவரும் சிறுவனும் அமர்ந்து அவனுடைய இலக்குகளைப் பேசி முடிவுசெய்ய ஏற்பாடு செய்தது. ஆனால் மழையில் கூடாரம் கட்டும்போது தானாக எழும் பேச்சும், தேவாலயக் கூடத்தின் மேசைக்கு இருபுறமும் அமர்ந்து நடத்தப்படும் பேச்சும் ஒன்றல்ல. முன்னதற்கு ஒரு தச்சருக்குப் பயிற்சி தேவையில்லை. பின்னது ஆலோசகர் ஒருவரின் தொழில்திறனைக் கேட்கிறது.

வுட் பேட்ஜ் பயிற்சியில் நேர்ந்த மாற்றம்

தலைவர்களுக்கான உயர்பயிற்சியே இவ்விடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கில்வெல் பூங்காவில் 1919இல் தொடங்கிய வுட் பேட்ஜ் பயிற்சி, தோல் கயிற்றில் கோத்த மரமணிகளைச் சின்னமாகக் கொண்டது. அமெரிக்காவின் முதல் முறையான வுட் பேட்ஜ் வகுப்பு 1948இல் நியூ ஜெர்சியின் ஷிஃப் சாரணர் காப்பகத்தில் வில்லியம் ஹில்கோர்ட்டின் தலைமையில் நடந்தது. தலைவர்கள் தாமே சிறுவர்களைப் போல அணிகளாகப் பிரிந்து, சமைத்து, நடந்து, கட்டிக் கற்பதே அப்பயிற்சியின் முறை.

1972இல் இதன் உள்ளடக்கமும் மாறியது. மாற்றத்தின் வேர் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் இருந்தது. ஹங்கேரியரான பேலா பானாத்தி 1933இல் கோடோல்லோவில் நடந்த உலகச் சாரணர் பெருவிழாவில் சிறுவனாகக் கலந்துகொண்டவர். போருக்குப் பின் அகதியாகி, 1951இல் அமெரிக்கா வந்து, படைத்துறை மொழிப்பள்ளியில் ஹங்கேரிய மொழி கற்பித்தார். அப்பெருவிழாவின் சின்னமான வெண்மானின் பெயரிலேயே 1958இல் தலைமைப்பண்புப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பானாத்தியும் ஒரு தன்னார்வத் தலைவரே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. செய்தி பெறுதலும் தருதலும், குழுவின் தேவை அறிதல், வளங்களைப் பயன்படுத்தல், முன்மாதிரியாதல், மதிப்பிடுதல், தலைமையைப் பகிர்தல் முதலான பதினொரு தலைமைத் திறன்கள் இம்முயற்சியிலிருந்து எடுக்கப்பட்டு வுட் பேட்ஜின் மையமாயின. மேலடுக்கு திணித்தது, கீழடுக்கு மறுத்தது என்ற எளிய கதைக்குள் இது அடங்காது. ஒரு தன்னார்வலரின் கண்டுபிடிப்பைத் தேசிய அலுவலகம் நாடு முழுமைக்கும் பொதுவாக்கியது, ஏனைய தன்னார்வலர் பலர் அதை அலுவலக மொழியாகக் கேட்டனர். ஹில்கோர்ட் இம்மாற்றத்தை எதிர்த்தார். சாரணக் கலைகளும் அணிமுறையும் இருக்க வேண்டிய இடத்தில் மேலாண்மைக் கல்வி அமர்ந்துவிட்டது என்பது அவரது நிலைப்பாடு.

விலகாமல் மறுத்தல்

ஓர் அமைப்பு தளரும்போது அதன் உறுப்பினர் வெளியேறலாம், குரல் எழுப்பலாம், பற்றினால் பொறுத்திருக்கலாம் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியான தம் நூலில் வகுத்தார். அதே காலத்தில் இங்கிலாந்துச் சாரணர் இயக்கமும் இத்தகைய சோதனையைச் சந்தித்தது. 1966ஆம் ஆண்டு அறிக்கையின்படி அங்கு அரைக்கால்சட்டை, பழைய பிரிவுகள், பட்டப்பெயர்கள் பலவும் கைவிடப்பட்டன. அதை ஏற்காதோர் 1970இல் பேடன் பவல் பெயரில் தனிச் சங்கம் கண்டனர்.

அமெரிக்காவில் அத்தகைய பெரும்பிளவு ஏற்படவில்லை. நாடாளுமன்றம் 1916இல் வழங்கிய சாசனம் இயக்கத்தின் பெயரையும் சின்னங்களையும் அச்சங்கத்துக்கே உரியனவாக்கியிருந்தது. வெளியேறுபவர் அவற்றை விட்டுவிட்டே செல்ல வேண்டும். எனவே பலர் ஓசையின்றி விலகினர். இருந்தவர்களில் பலர் மற்றொரு வழியைக் கைக்கொண்டனர்: புதிய கையேட்டை அலமாரியில் வைத்துவிட்டு, 1965ஆம் ஆண்டு வெளியான ஏழாம் பதிப்பைக் கொண்டே பயிற்சியைத் தொடர்ந்தனர். சிறுவர்கள் புதிய விதிகளின்படி வளையங்களைப் பெற்றனர். பழைய விதிகளின்படி காட்டுக்கும் சென்றனர். ஹிர்ஷ்மனின் மூன்று வழிகளில் எதற்குள்ளும் இது முழுமையாகப் பொருந்தவில்லை. பற்றின் பெயரால் நிகழ்ந்த கீழ்ப்படியாமை எனலாம்.

1970களின் தொடக்கத்தில் 60 இலட்சத்தைக் கடந்திருந்த மொத்த உறுப்பினர் எண்ணிக்கை, அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் புதிய திட்டத்தின் தலையில் ஏற்றுவது வழக்கம். ஆனால் அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 1957இல் 43 இலட்சமாக உச்சம் தொட்டு, 1968இல் 35 இலட்சமாகச் சரிந்திருந்தது. பதினொரு வயதில் படையில் சேரும் சிறுவர்களின் தொகை 1968க்கும் 1979க்கும் இடையே இதே அளவில் சுருங்கியிருக்க வேண்டும். போலிப் பெயர்கள் நீக்கப்பட்டமையையும் சேர்த்து நோக்கினால், வீழ்ச்சியின் கணிசமான பகுதிக்கு வேறு காரணங்கள் உள்ளன. எஞ்சிய பகுதி சிறிதன்று. எனினும் அது எவ்வளவு என்று பிரித்துரைக்க இவ்வெண்கள் போதா.

ஹில்கோர்ட்டின் மீள்வரவு

டென்மார்க்கில் 1900இல் பிறந்து, 1920இல் லண்டனில் நடந்த முதல் உலகப் பெருவிழாவில் பங்கேற்று, 1926இல் அமெரிக்கா வந்த ஹில்கோர்ட், தேசிய அலுவலகத்தின் ஊதியப் பணியிலிருந்து 1965இல் ஓய்வு பெற்றிருந்தார். திட்டத்தின் தளர்ச்சி வெளிப்படையானபோது, புதிய கையேட்டை ஊதியமின்றி எழுதித் தருவதாக முன்வந்தார். ஏறத்தாழ ஓராண்டு உழைப்பில் உருவான ஒன்பதாம் பதிப்பு 1979இல் வெளிவந்தது. தலைப்பில் ‘சிறுவர்’ என்ற சொல் திரும்பியது. உள்ளே முகாமும் காடும் நெடுநடையும் முன்னிடத்துக்கு வந்தன. அப்போது அவருக்கு வயது 78. ஊதியம் பெறும் அலுவலகத்தின் திட்டத்தைத் திருத்தி எழுதியவர், அவ்வேளையில் தாமும் ஒரு தன்னார்வலராகவே இருந்தார்.

மீட்சி முழுமையானதன்று. திறன் விருதுகள் 1980களிலும் வழங்கப்பட்டு, அப்பத்தாண்டின் முடிவை ஒட்டியே மறைந்தன. வுட் பேட்ஜில் சாரணக் கலைகள் ஓரளவு மீண்டும் இடம்பெற்றாலும் தலைமைப்பண்புப் பாடங்கள் நீக்கப்படவில்லை. ஹில்கோர்ட் 1992இல் மறைந்தார். 2000களின் தொடக்கத்தில் வுட் பேட்ஜ் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டபோது அது முழுவதும் தலைமைப்பண்புக்கே உரியதாயிற்று. தீ மூட்டவும் கூடாரம் கட்டவும் கற்க விரும்பும் புதிய தலைவர் அதற்கெனத் தனியாக நடத்தப்படும் வேறொரு பயிற்சிக்குச் செல்கிறார்.