தனுஷ்கோடிப் புயலும் நன்னியின் கருகமணியும்



பிக்ஹுப் பாடத்தில் ‘மஃப்கூத்’, அதாவது உயிருடன் இருக்கிறாரா இல்லையா என்று அறிய முடியாதவாறு காணாமற்போனவர் பற்றிய சட்டத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் எனக்குத் தனுஷ்கோடி நினைவுக்கு வரும். மாணவர்களுக்கு அது கிதாபில் உள்ள ஒரு பாடம். எங்கள் வீட்டிலோ அது ஒன்பது நாட்கள் நடந்த கதை.

என் தாயாரின் தந்தை (நாங்கள் நன்னா என்போம்) கண்டனூரிலிருந்து சென்று தனுஷ்கோடியில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் கணக்கெழுதி வந்தார். அக்காலத்தில் அது எங்கள் பகுதியினருக்குத் தொலைவான ஊரன்று. சென்னையிலிருந்து வரும் போட் மெயிலைக் காரைக்குடியில் பிடித்தால் தனுஷ்கோடித் துறைமுகத்தில் இறங்கலாம்; அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். செட்டிநாட்டாரும் முஸ்லிம் வணிகர்களும் இலங்கைக்குப் போய்வந்த வழி அதுவே. சுங்கச்சாவடி, தபால் நிலையம், ரயில் நிலையம் என எல்லாம் அமைந்த ஊர்.

1964 டிசம்பர் 17 அன்று அந்தமானுக்குத் தெற்கே உருவான தாழ்வழுத்தம் புயலாக வலுத்து, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. ஹிஜ்ரி 1384, ஷஅபான் மாதம். பராஅத் இரவு கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்னர் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்குகையில் சைகை விளக்கு எரியாமல் நின்றது. ஓட்டுநர் நீண்ட ஊதலொலி எழுப்பிவிட்டு வண்டியை நகர்த்தினார். பேரலை ரயிலை முழுவதுமாக விழுங்கியது. பயணிகள் 110, ஊழியர்கள் 5 என்பது பதிவேட்டுக் கணக்கு. பயணச்சீட்டின்றி ஏறியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அப்புயலில் மாண்டோர் ஏறத்தாழ 1,800 பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

நன்னாவும் உடன் வேலை செய்த பாம்பன் நண்பர் ஒருவரும் அன்றிரவு கிட்டங்கியில் இருந்தனர். சரக்கு நனையாதிருக்க மூட்டைகளை மேலே அடுக்கிக் கொண்டிருந்தபோது தண்ணீர் முழங்கால் அளவு ஏறியது. இருவரும் வெளியேறி மணல்மேட்டை நோக்கி ஓடினர். கணக்குப் புத்தகத்தை எடுத்துவர நண்பர் திரும்பினார். கணக்கெழுதியவர் நன்னா, எடுக்கத் திரும்பியவர் அவர். இதைச் சொல்லும்போதெல்லாம் நன்னா சற்று நிறுத்திவிட்டே தொடர்வார்.

தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தன. ரயில் போன செய்தியே இரண்டு நாட்களுக்குப் பின்னர்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. (பின்னர் இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீரமைக்கப்பட்டது.) கண்டனூருக்கு எட்டியதெல்லாம் ‘தனுஷ்கோடி இல்லை’ என்ற ஒரே சொல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உறவினர் வீட்டில் கூடினர். யாரோ வெள்ளைச் சேலை வாங்கி வந்துவிட்டார். நன்னியின் கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றி இத்தாவில் அமர்த்த வேண்டும் என்றனர் பெரியவர்கள். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். எல்லாரும் போய்விட்ட ஊரில் ஒருவர் மட்டும் எப்படி எஞ்சுவார் என்பது அவர்களுடைய நியாயம். அப்போது பள்ளிவாசல் இமாம் தடுத்தார். மரணம் உறுதியாகாதவரை காணாமற்போனவர் தம் மனைவியைப் பொறுத்தமட்டில் உயிருள்ளவரே. சந்தேகத்தின் பேரில் ஒரு பெண்ணை விதவையாக்க நமக்கு அதிகாரமில்லை என்றார். ஏழு வயதுச் சிறுமியாக இருந்த என் தாயாருக்கு, அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் திண்ணையில் கிடந்தது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

ஒன்பதாம் நாள் நன்னா வந்தார். மணலில் நடந்து இராமேஸ்வரம் சேர்ந்து, பாம்பனிலிருந்து படகில் மண்டபம் கடந்து வந்திருந்தார்.

இச்சட்டத்தின் மறுபக்கம் கடுமையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹனஃபி நூல்களின் பழைய தீர்ப்பின்படி, காணாமற்போனவரின் வயதொத்தோர் அனைவரும் மறையும்வரை மனைவி காத்திருக்க வேண்டும். மாலிக்கி மத்ஹபில் அது நான்கு ஆண்டுகள்; உயிர் தப்புவது அரிதான பேரிடரில் காணாமற்போனவருக்கு ஹன்பலி மத்ஹபும் நான்கு ஆண்டுகளே என்கிறது. இந்தியப் பெண்களின் அவலத்தைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்ற ஹனஃபி அறிஞர்களே மாலிக்கி தீர்ப்பை ஏற்க வழிகாட்டினர். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் அந்த நான்கு ஆண்டுகள் இடம்பெற்றன. எங்கள் வீட்டைக் காத்த அதே விதி, கணவர் திரும்பாத வீட்டில் எத்தனை பாரமாக இறங்கியிருக்கும்!

அந்தப் பாம்பன் வீட்டுக்கு நன்னா போனார். என்ன கண்டீர்கள் என்று ஆலிம்கள் கேட்டனர். நண்பர் கிட்டங்கிக்குள் நுழைந்ததைக் கண்டேன், அதன்மேல் அலை வந்ததைக் கண்டேன், அவர் இறந்ததை நான் காணவில்லை என்றார். ‘கண்டேன்’ என்று ஒரு சொல் கூட்டியிருந்தால் அப்பெண்ணுக்கு அன்றே விடுதலை கிடைத்திருக்கும். பொய்ச்சாட்சி சொல்ல நன்னாவால் முடியவில்லை. சொல்லாமல் வந்ததையும் அவரால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு ரமளானிலும் ஸகாத்துப் பணத்துடன் அவ்வீட்டுக்குப் போய்வருவார்.

நான்கு ஆண்டுகள் கழிந்ததும், விரும்பினால் மறுமணம் செய்யலாம் என்று அப்பெண்மணிக்கு எடுத்துச் சொன்னார்களாம். அவர் கேட்டுக்கொண்டாராம். கடைசி வரை அவரும் கருகமணியைக் கழற்றவில்லை.