திருநள்ளாறு செயற்கைக்கோள் வதந்தி

காரைக்கால் மாவட்டம் திருநள்ளாற்றில் உள்ள தர்ப்பாரண்யேசுவரர் கோயிலுக்கு மேலே பறக்கும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிட்டுச் செல்கின்றன என்ற கட்டுக்கதை. சனிக் கோளின் கருநீலக் கதிர்கள் அங்கே குவிவதுதான் காரணம், நாசாவே வியந்துபோனது என்று கதை நீளும். எந்தச் செயற்கைக்கோள், எந்த ஆண்டு என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இராது. சனிப்பெயர்ச்சி நெருங்கினால் வாட்ஸ்அப்பில் மீண்டும் உலா வரும்.

அறிவியல் எழுத்தாளர்கள் பலமுறை மறுத்துள்ளனர். அவர்களுக்கு இயற்பியல் பாடநூலே போதும். சுமார் 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.6 கி.மீ. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் காக்கிறது. நின்றால், 3 விநாடியில் 38 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மறுபடி அதே வேகத்தை எட்ட ஒரு ராக்கெட்டே தேவைப்படும். அவ்வளவு எரிபொருள் எந்தச் செயற்கைக்கோளிலும் கிடையாது. நின்றதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்களோ 35,786 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பவை. திருநள்ளாறு வட அட்சம் 11 பாகையை ஒட்டியது. அவை அதன் தலைக்கு மேல் வர வழியில்லை.

கதிர் விஷயம் இன்னும் எளிது. சனி நமக்கு மிக அருகில் வரும்போதே சுமார் 120 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து வரும் மங்கிய ஒளி, எதிரொளிக்கப்பட்ட சூரிய ஒளிதான். அது காரைக்காலிலும் மற்ற ஊர்களிலும் ஒன்றுபோலவே விழுகிறது. கோயிலின் பழமையோ பக்தர் நம்பிக்கையோ இந்த மறுப்பில் சம்பந்தப்படவில்லை. நாசாவின் பெயரை இழுத்ததால்தான் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.