குறிஞ்சி எது? ஒரு பூவும் அதன் சொந்தக்காரரும்

பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படிச்ச எல்லாருக்கும் குறிஞ்சி தெரியும். மலையும் மலை சார்ந்த இடமும், தெய்வம் முருகன், ஒழுக்கம் புணர்தல் எண்டு மனப்பாடமாகச் சொல்லுவோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குறிஞ்சிக்குமரன் கோவில் இருக்கிறது. மலையகத்தில் ஒரு கவிஞர் 'குறிஞ்சித் தென்னவன்' எண்டே தன்னை அழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு செடியைக் காட்டி "இது குறிஞ்சியா?" எண்டு கேட்டால் எங்களில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வி சின்னது போலத் தெரியும். ஆனால் ஒரு பூவுக்கு எது பெயர், எது அந்தப் பெயருக்கு உரிய செடி என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில்தான் சில புல்வெளிகளின் தலைவிதியும் தங்கியிருக்கிறது.

சங்கப் புலவர்களிடமிருந்து தொடங்கலாம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தார் இரண்டு அடையாளங்கள் தருகிறார்: குறிஞ்சியின் கொம்பு கரியது, அதன் பூவிலிருந்து நிறையத் தேன் கிடைக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களுக்குள்ளும் அது வருகிறது. கொம்பும் தேனும் நல்ல அடையாளங்கள்தான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த அடையாளங்களுக்குப் பொருந்துகிற செடி ஒன்றல்ல, பல. புலவர் பார்த்தது இன்ன செடிதான் எண்டு அந்தப் பாட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது தாவரவியலாளர்களின் கதை. 1826 இல் ப்ளூமே என்பவர் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்துக்குப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அதற்குக் 'கூம்புப் பூ' எண்டு பொருள். மொட்டுகள் செதில் செதிலாக அடுக்கிய கூம்பு போலத் தெரிவதால் அந்தப் பெயர். பிறகு 1832 இல் ஜெர்மானியரான நீஸ், தென்னிந்திய மலைகளின் ஒரு செடியை விவரித்து, குந்த் என்ற தாவரவியலாளரின் பெயரால் 'குந்தியானம்' எண்டு பெயரிட்டார். அவர் அதை வைத்தது ஃப்ளெபோஃபில்லம் என்ற தனிப் பேரினத்தில். பின்னால் வந்தவர்கள் அதை ஸ்ட்ரோபிலாந்தசுக்குள் கொண்டுவந்து 'குந்தியானா' ஆக்கினார்கள். 1944 இல் பிரெமெகாம்ப் எண்ட டச்சுக்காரர் மகரந்த மணியின் மேற்பரப்பு வேறுபாடுகளையும் பார்த்து, ஸ்ட்ரோபிலாந்தசையே பல பேரினங்களாக உடைத்தார். இன்று திரும்பவும் எல்லாம் ஒரே பேரினம். செடி அசையாமல் மலையில் நிண்டது, பெயர்தான் இங்கும் அங்கும் அலைந்தது.

அப்ப, நீலக்குறிஞ்சியை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் பூவைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா திறந்த புல்வெளிச் செடி. நீலகிரி, பழனி, ஆனைமலை, மூணாறு பக்கத்து உயர்ந்த சரிவுகளில், பெரும்பாலும் 1300 முதல் 2400 மீற்றர் உயரத்தில் வளரும். காற்றடிக்கும் புல்வெளியில் அது பெரும்பாலும் முழங்கால், இடுப்பு உயரத்துக்கு மேலே போகாது. அதன் சொந்தக்காரரில் பலர் சோலைக்காட்டின் மர நிழலில், ஆளை மறைக்கும் புதராக நிற்பவர்கள்.

இரண்டாவது இலை. குந்தியானாவின் இலைக்குக் காம்பு உண்டு, விளிம்பு பல் பல்லாக இருக்கும். அதே மலைத்தொடரில், புல்வெளியிலேயே வளரும் ஸ்ட்ரோபிலாந்தஸ் செசிலிஸ் எண்டொரு உறவு இருக்கிறது. 'செசிலிஸ்' எண்டால் காம்பில்லாதது. இலை நேரே தண்டில் ஒட்டியிருக்கும். பூவை மட்டும் படமெடுத்து வந்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது காலம். குந்தியானா 12 வருடத்துக்கு ஒருக்கா ஒன்றாகப் பூத்து, விதை விட்டு, ஒன்றாகவே செத்துப்போகும். 1982, 1994, 2006, 2018 எண்டு கணக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்தது 2030. மகாராஷ்டிராவில் 'கார்வி' எண்டு சொல்லும் ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசா ஏழு எட்டு வருடத்துக்கு ஒருக்காப் பூக்கும். ஆகவே இடையில் ஏதோ ஒரு வருடம் 'குறிஞ்சி பூத்தது' எண்டு படம் வந்தால், அது ஒரு உறவாக இருக்கலாம், அல்லது கணக்குத் தப்பிப் பூத்த சில செடிகளாக இருக்கலாம்.

நிறத்தை நம்ப வேண்டாம். ஊதாவும் நீலமும் இந்தக் குடும்பம் முழுக்க இருக்கிறது.

இனி எங்கள் தீவுக்கு வருவம். குந்தியானா இலங்கையில் இல்லை. இங்கே இருப்பது சிங்களத்தில் 'நெலு' எண்டு அழைக்கப்படும் சொந்தக்காரர் கூட்டம். ஒட்டும் தன்மையுள்ள விஸ்கோசா அதில் ஒன்று. இன்னொன்று செக்ஸெனிஸ், அதன் பெயரிலேயே லத்தீனில் 'ஆறு வருடம்' இருக்கிறது. நெலு பெரும்பாலும் மலைக்காட்டின் அடிப்புதர். நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் 1855 இல் வெளியான தன் நூலில், நெலு பூக்கும் காலத்தில் தேனீக்கள் திரண்டு வருவதை எழுதினார். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன், இலங்கைத் தாவரங்கள் பற்றி 1893 இல் வெளிவரத் தொடங்கிய தன் கைநூலில் இந்த இனங்களை முறைப்படி விவரித்தார். 2013 இல் ஹோட்டன் சமவெளியில் நெலு பெரிய அளவில் பூத்தது.

நெலுவைக் குறிஞ்சி எண்டு சொல்வது பிழையா? உறவு என்ற அளவில் பிழையில்லை. 'குறிஞ்சி' பழைய தமிழில் ஒரு கூட்டத்துக்கான பெயராகவே இருந்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றுதான் எண்டு நினைத்தால், இந்தியப் புல்வெளிச் செடிக்கு வந்த ஆபத்தும் எங்கள் காட்டுச் செடிக்கு வந்த ஆபத்தும் ஒன்றெண்டு ஆகிவிடும். அது அப்படி இல்லை.

இங்கே மலைக்காடு கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் மலையக மக்களின் முன்னோர். நீலகிரியிலும் பழனியிலும் நடந்தது வேறு. அங்கே புல்வெளியை 'வெறும் தரை' எண்டு பார்த்து, சீகை, யூக்கலிப்டஸ், பைன் நட்டார்கள். மரம் நடுவது நல்லதுதானே எண்டு கேட்கலாம். குந்தியானாவுக்கு அது மரண தண்டனை. நிழலில் புல்லும் இல்லை, குறிஞ்சியும் இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024 இல் அதை 'பாதிக்கப்படக்கூடிய' இனமாகப் பட்டியலிட்டது. அதற்கு முன்பே, 2006 இல், கேரள அரசு இடுக்கியில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது.

பூவில் இல்லாத உறவு ஒன்று கோவிலில் இருக்கிறது. கொடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோவிலை 1936 இல் கட்டுவித்தவர் லீலாவதி இராமநாதன். அவுஸ்திரேலியாவில் பிறந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவரானவர். மருதனார்மடத்தில் 1913 இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரியோடு நெருங்கி வாழ்ந்தவர். யாழ்ப்பாணத்து மருமகள் ஒருவர் பழனி மலையில் முருகனுக்குக் கோவில் கட்டினார். அந்த முருகனின் பெயரில் பூவும் இருக்கிறது.

2030 இல் யாராவது கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ போவீர்கள். பூவைப் படமெடுக்கும்போது இலையையும் எடுங்கள், காம்பு தெரிய எடுங்கள். செடி நிற்கிறது புல்லிலா மரத்தடியிலா எண்டு பின்னணி தெரிய எடுங்கள். பிடுங்க வேண்டாம். அது விதை விடுவது அந்த ஒரு தடவைதான்.