திருவிருந்தும் பந்தி வேற்றுமையும்

மலாக்கா நகருக்கு வரும் தோட்டத்துத் தமிழர், ஆற்றருகே நிற்கும் செந்நிறக் கிறிஸ்து ஆலயத்தைக் காணாது திரும்புதல் அரிது. உலாந்தாக்காரர் 1753-ம் ஆண்டில் கட்டி முடித்த கோயில் அது. பீடத்தின்மேல், மெருகிட்ட ஓடுகளில், இயேசுநாதரின் கடைசி இராப்போஜனம் தீட்டப்பட்டுள்ளது. அப்பந்தியைச் சற்று நோக்குவோம்.

அதில் அமர்ந்தோர் யாவர்? காட்டிக்கொடுத்த யூதாசும் இருந்தான்; மும்முறை மறுதலித்துச் சேவல் கூவியதும் மனங்கசந்து அழுத பேதுருவும் இருந்தார். ஆயக்காரரோடும் பாவிகளோடும் உண்கின்றாரே எனப் பரிசேயர் முறுமுறுத்ததை லூக்கா சுவிசேஷம் கூறும். ஆகவே திருவிருந்து குற்றமற்றோர்க்கு அளித்த சன்மானமன்று. குற்றத்தை உணர்ந்து வருந்தி வருவோர்க்கு இட்ட உணவு. ‘உணர்ந்து’ என்னும் சொல்லை அன்பர்கள் கவனித்தல் வேண்டும். கொரிந்து நகரில் செல்வர் முந்தி உண்டு களிக்க, ஏழையர் பசித்திருந்தனர். பவுல் அதனைக் கடிந்து, ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிந்த பின்னரே அப்பத்தையும் பாத்திரத்தையும் தொடுக என்று எழுதினார். அவர் கண்ட பாவம் பந்தியிலேயே இருந்தது.

தமிழ்நாட்டில் அது சாதி வடிவில் வந்தது. பழைய மிஷன் சபைகளில் வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் ஒருபுறமும் அமர்ந்தனர். மேற்சாதியார் பருகிய பின்னரே பாத்திரம் மற்றவரிடம் சென்றது. கள்ளுண்டமைக்கும் பொய்யுரைத்தமைக்கும் அழுதவர், உடன் சபையானின் உதடு பட்ட பாத்திரத்திற்கு அஞ்சினர்! அதற்கும் மனந்திரும்புதல் வேண்டுமென்று அவர்க்குத் தோன்றவில்லை.

1833-ம் ஆண்டு ஜூலையில் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகட்கு ஒரு நிருபம் விடுத்தார். சாதியை அடியோடு விடுக. ஆலயத்தில் அமர்வதிலும் திருவிருந்தை அணுகுவதிலும் வேற்றுமை கூடாது என்பது அதன் கருத்து. சபைகள் கொதித்தன. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் கோயிலையே விட்டு நீங்கினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதிக்குப் பரிந்தே எழுதினார். அவர் தமிழை நாம் போற்றுகின்றோம், இதனைப் போற்றுதற்கில்லை. சாதி உலக வழக்கே, சமயத்தைச் சேர்ந்ததன்று என்பது அக்கட்சியார் வாதம். அங்ஙனமாயின் அதனைப் பீடம் வரையில் சுமந்து சென்றது ஏன்?

வில்சனது அவசரத்தைக் குறை கூறுவாரும் உளர். கட்டளையால் மனம் மாறாதென்பது மெய்யே. ஆயினும் தலைமுறை தலைமுறையாய்ப் பின்னே காத்திருந்தவனிடம், ‘இன்னுஞ் சற்றுப் பொறு’ என யார் சொல்வது?

அவ்வில்சனே 1838-ல் மலாக்காவுக்கு வந்து, முற்கூறிய உலாந்தாக் கோயிலை ஆங்கிலத் திருச்சபை முறைப்படிப் பிரதிட்டை செய்தார். ரப்பர்த் தோட்டங்களுக்கு நம்மவர் திரளாக வந்தது அதற்கு நெடுநாள் பின்னர். அவர்தம் மூட்டையில் சாதியும் கப்பலேறிற்று. லயத்துக் கலியாணங்களில் ‘முதற்பந்தி யார்க்கு?’ என்னும் வழக்கும் உடன் வந்திறங்கிற்று.