கழற்றப்பட்ட டர்போ

1965-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் விற்பனையாளர்களின் பட்டறைகளில், மோட்டார்த் தொழிலின் சரித்திரத்திலேயே அபூர்வமான ஒரு காரியம் நடைபெற்றது. மூன்று வருஷங்களுக்கு முன்பு அந்த நிறுவனம் மிகுந்த பெருமையோடு தன் ஜெட்ஃபயர் காரின் எஞ்சின்மேல் ஏற்றிவைத்த டர்போவை, காரின் சொந்தக்காரர் விரும்பினால் காசு வாங்காமலே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நான்கு பாரல் கொண்ட சாதாரணக் கார்புரேட்டர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். குற்றம் முழுவதும் அன்று டர்போவின் தலையில் சுமத்தப்பட்டது. அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்று விசாரிக்கப் புகுந்தால், பழுது என்று நாம் சொல்வது பல சமயங்களில் பழுதான பொருளில் இருப்பதில்லை என்பது புலனாகும்.

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, உஷ்ணமாகவும் வேகமாகவும் புகைக்குழல் வழியே வெளியேறி வீணாகிறது. இந்த வீணான சக்தியைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தினால், எஞ்சினின் அளவைப் பெருக்காமலே அதன் பலத்தைப் பெருக்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1879-இல் பிறந்த ஆல்ஃபிரட் பூச்சி. டர்போ எனப்படும் இந்த அமைப்புக்கு 1905-இலேயே அவர் காப்புரிமை பெற்றார். ஆயினும் யோசனை பயன் தருவதற்கு இருபது வருஷங்கள் அவர் பொறுமையோடு உழைக்க வேண்டியிருந்தது. 1920-களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் இரண்டு பிரயாணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவருடைய முறை கையாளப்பட்டபோது, 1,750 குதிரைச் சக்தி தந்த எஞ்சின் 2,500 தரலாயிற்று.

இதனிடையே விமானங்களுக்கு இதன் தேவை வேறு விதமாக எழுந்தது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியலாளர் சான்ஃபர்ட் மாஸ், 1918-இல், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 14,109 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே கொண்டுபோய்ப் பரீக்ஷை செய்தார். கீழே 350 குதிரைச் சக்தி தந்த அந்த எஞ்சின், உச்சியில் டர்போ இல்லாமல் 230-ஆகக் குன்றியது; டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. சிகரத்தின் குளிரிலும் காற்றிலும் நின்று பழுதுகளைத் திருத்தித் திருத்தி அந்த எண்ணைப் பெற்ற மனிதரை நினைக்கும்போது மரியாதை தானாகவே எழுகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் டர்போவின் பலத்திலேயே உயரப் பறந்தன. கனல்போன்ற புகையில் சுழலும் டர்போச் சக்கரத்தின் இதழ்களுக்கு, பல்வைத்தியர்கள் செயற்கைப் பற்களின் சட்டத்துக்கு வார்த்துவந்த விட்டாலியம் என்ற கோபால்ட் கலப்புலோகமே ஏற்றதென்று கண்டு எடுத்தாண்டார்கள் என்பது அக்காலத்து விசித்திரங்களுள் ஒன்று.

ஆனால் ஒரு விஷயத்தை இங்கே மறக்கலாகாது. கப்பலில் எஞ்சின் அறைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். விமானம் தரையிறங்கியதும் அதைத் தட்டிப் பார்த்து, எண்ணெய் பார்த்து, கசிவு பார்த்து அனுப்பும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். டர்போ என்பது அதுவரை பரிவாரத்தோடு வாழ்ந்த யந்திரம். 1962-இல் அந்தப் பரிவாரம் இல்லாமல் அது ஒரு குடும்பக் காருக்குள் வந்து சேர்ந்தது.

ஜெட்ஃபயரின் எஞ்சின், 215 கன அங்குலக் கொள்ளளவுள்ள அலுமினிய வி-8. அதாவது மூன்றரை லிட்டர். டர்போ பூட்டியபோது அது 215 குதிரைச் சக்தி தந்தது. கன அங்குலத்துக்கு ஒரு குதிரைச் சக்தி என்பது அக்காலத்தில் பெரிய சாதனை. டர்போ வேலை செய்யாத மெதுவான ஓட்டத்திலும் கார் சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, பொறியியலாளர்கள் எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைக்காமல் 10.25-க்கு 1 என்றே வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு அழுத்தத்தின்மேல் டர்போவின் காற்றும் சேர்ந்தால், பெட்ரோல் முறைப்படி எரியாமல் வெடித்து, எஞ்சின் தட்ட ஆரம்பித்து, பிஸ்டனே உருகிப்போகும். அதைத் தடுக்க, விமானங்களில் பழகிய ஓர் உபாயத்தைக் கையாண்டார்கள். காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் சரிபாதி கலந்து, துருப்பிடிக்காமலிருக்கச் சிறிது மருந்தும் சேர்த்த ஒரு திரவத்தை, ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று பெயரிட்டு, தனித் தொட்டியில் ஊற்றிவைத்து, டர்போ வேகமெடுக்கும்போதெல்லாம் எஞ்சினுக்குள் தெளிக்கச் செய்தார்கள். திரவம் ஆவியாகும்போது காற்றின் உஷ்ணம் தணிந்தது, எஞ்சின் பிழைத்தது.

தொட்டி காலியாகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் அவர்கள் யோசியாமல் இல்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே ஒரு மீட்டரை வைத்து, திரவம் தீர்ந்ததைக் காட்ட அதில் ஒரு விளக்கையும் வைத்தார்கள். அதையும் கவனியாமல் ஓட்டுகிறவர்களுக்காக, டர்போவின் அழுத்தம் ஏறாமல் காற்றின் வழியைக் குறுக்கிவிடும் ஒரு வால்வையும் அமைத்தார்கள். எஞ்சின் சேதமடைவதைவிட வேகம் குறைவது நல்லது என்பது அவர்களுடைய எண்ணம். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் காரை ஓட்டியவர் கண்டது வேறு. பெட்ரோலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் எண்ணெயையும் தவிர நான்காவதாக ஒன்றை ஊற்ற வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு இல்லை. தொட்டி வறண்டது, வால்வு தன் கடமையைச் செய்தது, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் கார் எழும்பவில்லை. ‘பிக்கப் இல்லை, டர்போ போய்விட்டது’ என்று காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். எஞ்சினைக் காக்க வைத்த ஏற்பாடே எஞ்சினின் நோயாகத் தோன்றியது. திரவத் தொட்டியிலும் குழாய்களிலும் கசிவு கண்ட கார்களிலும் இதே அடையாளம்தான். கார்புரேட்டரோடே வளர்ந்த மெக்கானிக்குகளுக்கு இந்தக் குழாய்களின் போக்கு புரியவில்லை. 1962, 1963 ஆகிய இரண்டு மாதிரி வருஷங்களில் 9,607 கார்களைச் செய்ததோடு நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு நடந்ததே முதலில் சொன்ன கழற்றல்.

ஓல்ட்ஸ்மொபிலின் தாய் நிறுவனத்தின் இன்னொரு பிரிவான ஷெவர்லே, அதே 1962-இல் தன் கோர்வேர் காரிலும் டர்போ வைத்தது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் அழுத்த விகிதத்தை 8-க்கு 1 என்று குறைத்துவிட்டார்கள். திரவமும் இல்லை, தொட்டியும் இல்லை. பலம் 150 குதிரைச் சக்திதான். மெதுவான ஓட்டத்தில் சற்று மந்தமும் உண்டு. ஆயினும் அந்த டர்போ 1966 வரை விற்பனையில் இருந்தது. ஆகவே ஜெட்ஃபயரைத் தோற்கடித்தது டர்போ அல்ல என்றே நான் நிச்சயமாகக் கருதுகிறேன். ஓட்டுகிறவரின் நித்தியமான ஞாபகசக்தியை ஓர் உதிரிப் பாகமாக எண்ணி எஞ்சினோடு சேர்த்ததுதான் அதைத் தோற்கடித்தது.

இந்தப் பாடத்தை முழுமையாகக் கற்றுக்கொண்டவர்கள் ஸ்வீடன் தேசத்து ஸாப் நிறுவனத்தார். 1977-இல் அவர்கள் காட்சிக்கு வைத்த 99 டர்போ காரில், அழுத்தம் எல்லையைத் தாண்டும் முன்பே மிகுதிப் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் கதவு இருந்தது. சாதாரண ஓட்டத்திலேயே பலம் கிடைக்குமாறு டர்போவையும் சிறியதாகத் தேர்ந்தார்கள். சில வருஷங்களில், எஞ்சினின் சுவரில் பதித்த ஓர் உணர்கருவி, எஞ்சின் தட்டும் ஓசையைத் தானே கேட்டு அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். தரம் குறைந்த பெட்ரோலை ஊற்றினாலும் எஞ்சினுக்குக் கேடில்லை. ஓட்டுகிறவர் ஒன்றையும் அறிய வேண்டியதில்லை.

எனினும் ஒரு மறதி நெடுநாள் நீடித்தது. காரில் உள்ள டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லக்ஷம் முறைக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது பித்தளை போன்ற உலோகத்தாலான சிறு புஷ்களும், அவற்றைச் சுற்றி ஓடும் எண்ணெயின் மெல்லிய படலமுமே. மலைப்பாதையில் ஏறியோ நெடுஞ்சாலையில் விரைந்தோ வந்த காரை நிறுத்தி உடனே சாவியைத் திருப்பினால், எண்ணெயின் ஓட்டம் நின்றுவிடுகிறது. பழுக்கக் காய்ந்த புகைச்சக்கரத்தின் உஷ்ணமோ தண்டு வழியே உள்ளே இறங்குகிறது. அடுப்பில் வைத்து மறந்த வாணலியில் எண்ணெய் கருகிப் பிசுக்காக ஒட்டிக்கொள்வதுபோல், பேரிங்குக்குள் நின்ற எண்ணெய் கரியாகப் படிகிறது. இது பல முறை நடந்தால் எண்ணெயின் வழியே அடைபட்டுவிடும். 1980-களில் பேரிங் கூட்டைச் சுற்றி எஞ்சினின் தண்ணீரையே ஓடவிட்டபோதுதான் பெட்ரோல் கார்களில் இந்தத் தொல்லை பெரிதும் தணிந்தது. எஞ்சினை ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைக்கும் நல்ல பழக்கம் அதற்கும் முந்தியது. டீசல் வண்டி ஓட்டுகிற அனுபவசாலிகள் இன்றும் அதை விடுவதில்லை.

பழுதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் டர்போவைக் கழற்றுவதில் அவசரம் காட்டமாட்டார். காற்று வரும் ரப்பர்க் குழாயை எடுத்துவிட்டு, சக்கரத்தின் நடுவிலுள்ள நட்டை விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்பார். எண்ணெய்ப் படலத்துக்கென்று விட்ட இடைவெளி இருப்பதால் பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பே. சக்கரத்தின் இதழ் கூட்டின் சுவரில் உரசினாலோ, தண்டு முன்னும் பின்னும் அசைவது விரலுக்குப் புலப்பட்டாலோதான் ஆயுள் முடிந்தது என்று பொருள். நீலப்புகை கண்டவுடன் டர்போவின் சீல் போயிற்று என்று அவர் தீர்மானிப்பதில்லை; எண்ணெய் வடியும் குழாய் அடைபட்டாலும், ஏர் ஃபில்டர் தூசியால் மூடிக்கொண்டாலும், நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியேறும். பிக்கப் குறைந்தது என்றால் முதலில் ஹோஸ் பைப்பில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இந்தச் சோதனைகளைச் செய்யாமல் புதிய டர்போவை வாங்கிப் பூட்டுகிறவர், பழைய டர்போவைக் கெடுத்த அதே அடைபட்ட எண்ணெய்க்குழாயைப் புதியதற்கும் பூட்டுகிறார். புதியதும் சில தினங்களில் அலற ஆரம்பிக்கும்போது பொருள் மட்டம் என்கிறார்.

ஆகவே நல்ல பட்டறைகளில் எண்ணெய் வரும் குழாயையும் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சின் எண்ணெயைப் புதிதாக ஊற்றிய பிறகே டர்போவைத் தொடுகிறார்கள். பூட்டுமுன் அதன் எண்ணெய்த் துவாரத்தில் சுத்தமான எண்ணெயை விட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுகிறார்கள். பூட்டிய பிறகு எரிபொருள் செல்லாதபடி தடுத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுற்றி, கீழ்க்குழாய் வழியே எண்ணெய் வடிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டபின்பே ஸ்டார்ட் செய்கிறார்கள்.