உயரம் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை

டயகமயில் பனி மூட்டம் உண்டு, எலும்பைக் குத்துற குளிர் உண்டு, ஆனா வெண்பனி விழாது. அப்புறம் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை வந்ததும் மலைச்சரிவுகளில் பனி கரைஞ்சிடும். பந்தயத்துக்குத் தயாராகும் பதினாலு, பதினைஞ்சு வயசுப் பிள்ளைகள் அடுத்த குளிர்காலம் வரைக்கும் சும்மா இருக்க முடியாது. சிலர் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளுக்கு ஏறுறாங்க. சிலர் பூமத்திய ரேகையைத் தாண்டி நியூசிலாந்து, சிலி, ஆர்ஜென்டினா போறாங்க. அங்கே ஜூலை, ஓகஸ்ட்தான் குளிர்காலம். 1966இல் மலைச்சறுக்கு உலக சம்பியன்ஷிப்பே ஓகஸ்ட் மாசத்தில், சிலி நாட்டின் போர்ட்டிலோவில் நடந்தது.

போறதுக்கு முன்னாடி வாரக்கணக்கில் தயாரிப்பு நடக்கும். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏத்தணும், ஒத்தைக் காலில் சமநிலை பழகணும், சறுக்குப் பலகையின் ஓரத்தை அரம் போட்டுக் கூராக்கி மெழுகு பூசணும். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி வேணும் பாஸ்போர்ட்டும் பணமும். காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கானுக்கு 2018 குளிர்கால ஒலிம்பிக் வாய்ப்பு பணமில்லாமலே கை நழுவியது. நாலு வருசம் கழிச்சு, 2022 பெய்ஜிங்கில்தான் அவரால் இறங்க முடிந்தது.

ஆரிஃபுக்குப் பணம்தான் தடை. நம்ம ஆட்களுக்கு பாஸ்போர்ட்டே தடையாக இருந்தது.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைட் வெள்ளி வென்றார். இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. நாடே கொண்டாடியது. அடுத்த மாதம், அதே ஓகஸ்டில், பிரஜாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. நவம்பர் 15ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக நின்றார்கள். பதக்கம் வென்ற வைட் பிறகு இங்கிலாந்தின் லஃபரோ கல்லூரிக்குப் படிக்கப் போனார். லயத்துப் பிள்ளை ஒன்று அவரை விட வேகமாக ஓடியிருந்தாலும், கப்பலேறக் கையில் ஒரு காகிதமும் இருந்திருக்காது.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் பெரும்பாலானோரை இரண்டு அரசுகளும் எண்ணிப் பிரித்துக்கொண்டன. அப்போதுதான் பலருடைய வீட்டுக்கு முதன்முதலாக பாஸ்போர்ட் வந்தது. அதுவும் இந்தியாவுக்கு, திரும்பி வராத பயணத்துக்கு. தலைமன்னாருக்கு அவங்களை ஏத்திப்போன ரயிலுக்கு நம்ம சனங்க வச்ச பேரு ‘ஒப்பாரிக் கோச்சி’. வெளிநாட்டுப் பயணம்னா நம்ம தாத்தா பாட்டிக்கு நினைவுக்கு வந்தது அந்த அழுகைதான்.

அதே காலத்தில் உலகம் உயரத்தின் மதிப்பைக் கண்டுபிடிச்சுக்கிட்டிருந்தது. 1968 ஒலிம்பிக் 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரத்துக்குக் கிடைத்தது. அங்கே காற்று மெல்லிசு. உயரத்தில் சில வாரம் தங்கிப் பழகினால் உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். அதுக்காகவே பிரான்ஸ் தன் வீரர்களுக்கு ஃபோன்ட்-ரோமியூவில் ஒரு பயிற்சி நிலையம் கட்டியது. அதன் உயரம் 1,850 மீற்றர். நுவரெலியா நகரத்தின் உயரம் 1,868 மீற்றர். ஹோட்டன் சமவெளி 2,100ஐத் தாண்டும், டயகம அதன் அடிவாரம். பிரான்ஸ் காசு கொட்டித் தேடிப்போன உயரத்தில், நம்ம பிள்ளைங்க தினமும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே பள்ளிக்கூடம் போனாங்க. அந்த உயரத்தை யாரும் அவங்களுக்குப் பயிற்சியாக மாற்றிக் கொடுக்கவில்லை.

எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் முடித்து வைத்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருசம். ஒரு ஓட்டக்காரரின் உச்ச காலம் பத்து வருசம்னு வச்சுக்கிட்டா, ஐந்து தலைமுறை ஓட்டக்காரர்கள் அதற்குள் போய்விட்டார்கள்.

வெளியே போய்ப் பயிற்சி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு யுபுன் அபேகோன் சாட்சி. 2015இல் இத்தாலி போனார். 2022 ஜூலை 3ஆம் திகதி, சுவிட்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடினார். தெற்காசியாவில் பத்து செக்கனுக்குள் ஓடிய முதல் ஆள் அவர்தான். நம்ம பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. 10,000 மீற்றரில் தேசிய சம்பியனான குமார் சண்முகேஸ்வரன் மலையகத்துக்காரர்.

தேசிய மட்ட மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் மைதானங்களில் ஒன்று ஹோமாகம பக்கத்துத் தியகமயில் இருக்கு. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா டயகமயிலிருந்து அங்கே போறதுக்கே ஒரு நாள் போயிடும். அதையும் தாண்டித் தெரிவாகிற பிள்ளைக்கு வெளிநாட்டு அழைப்பு வந்தால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பேரு, பாடசாலைப் பதிவில் இன்னொரு பேருன்னு இருந்தா பாஸ்போர்ட் இழுபடும். அதனால மாகாண மட்டம் வரைக்கும் வந்த பிள்ளை உங்க தோட்டத்தில் இருந்தா, சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறதோட சேர்த்து அந்தச் சான்றிதழையும் ஒருக்கா எடுத்துப் பாருங்க. பிழை இருந்தா இப்பவே திருத்திக்கலாம்.